பாக்கியத்தின் கழுத்து

"அசையாம நில்லு கண்ணு" என்று வாக்கிடாக்கியில் பேராசிரியரின் குரல் வந்தது, லிங்கக்கனி அசையாமல்தான் நின்றாள், அவளுக்கு அது புதிதா என்ன, ஆறு வருஷமாக இந்தக் கல்லூரியின் மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில் சாக்பீஸ் கட்டங்களுக்குள் அசையாமல் நிற்பதைத்தானே ஆராய்ச்சி என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறாள். இன்றைக்குப் பதினாலாம் கட்டம். எதிரே குடிதண்ணீர் பில்டர், அதன் குழாய் சரியாக மூடாமல் எவர்சில்வர் தட்டில் சொட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவே நான்கு எண்ணலாம், சில சமயம் ஐந்து. கோடை விடுமுறை, வகுப்புகள் இல்லை, தாழ்வாரத்தின் இரண்டு முனையிலும் 'அளவீடு நடக்கிறது, நடக்காதீர்கள்' என்று அட்டை மாட்டியாயிற்று, அந்த அட்டையில் நடக்கிறது நடக்காதீர்கள் என்று எழுதியதைப் பார்த்து முதல் வருஷம் சிரித்தவள் அவள்தான், இப்போது சிரிப்பு வருவதில்லை. ஆள் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர், தண்ணீரில் பட்டால் ரேடியோ அலை திரும்பும், நீ கையை ஓங்கினால் காற்றில் போகிற அலையின் வழி மாறிப்போகும், ஆகவே மூக்கு அரித்தாலும் சொரியக் கூடாது, இதுதான் லேபில் கற்றுக்கொடுத்த முதல் பாடம். மூக்கு அரித்தது. பன்னிரண்டு திசை, திசைக்கு மூன்று நிமிஷம், ஒவ்வொன்று முடிந்ததும் இருதயராஜ் சொல்வான், அவள் பக்கத்திலிருக்கிற தள்ளுவண்டியின் பெட்டியை, அதன்மேல் நிற்கிற ஆன்டெனாவின் கழுத்தைப் பிடித்து, சுழல்தட்டில் ஒரு கோடு திருப்ப வேண்டும், அப்புறம் மறுபடி சிலை.

தள்ளுவண்டிக்குப் பாக்கியம் என்று பெயர். பக்கத்து வீட்டுப் பாக்கியம். மணப்பாட்டுக்காரன் இருதயராஜ்தான் வைத்தான், அவளோடு கூடப் படிக்கிறவன், வாயைத் திறந்தால் ஒரு கேலி. "ஊருல எல்லார் வீட்டுச் சண்டையும் அவ காதுல விழுந்தாகணும் மக்கா, அதுக்குத்தானே இவள செஞ்சு வச்சிருக்கோம்." தாழ்வாரத்தின் கோடியில், உள்ளே தெரியாதபடி பனிக்காகிதம் ஒட்டிய கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், பேராசிரியரும் இருதயராஜும் உட்கார்ந்திருக்கிற அறையில், ஒரு கம்பத்தில் எட்டு ஆன்டெனா நிற்கிறது, அது எட்டுக்கை, பேசுகிறவன். நடுவில் முந்நூற்றைந்தாம் அறைக்குள் ஒரு பெட்டி இருக்கிறது, அது மாப்பிள்ளை, சேதி போய்ச் சேர வேண்டியவன். வெளியே பாக்கியம், ஒட்டுக் கேட்கிறவள். பூட்டு சாவி, ரகசிய எண் எதுவுமில்லாமல், காற்றையே வளைத்து, சொல்வது மாப்பிள்ளைக்கு மட்டும் கேட்கும்படியும் பாக்கியத்துக்குக் கேட்காதபடியும் செய்ய முடியுமா என்பதுதான் ஆறு வருஷக் கேள்வி. முடியும் என்றுதான் ஆறு வருஷமும் பதில். எட்டுக்கை சேதியோடு சேர்த்து இரைச்சலையும் விடும், அந்த இரைச்சலின் எட்டுப் பங்கும் மாப்பிள்ளை இருக்கிற இடத்துக்கு வரும்போது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு செத்துப்போகும்படி கணக்குப் போட்டு விடும், வேறு எந்த இடத்தில் நின்று கேட்டாலும் இரைச்சல் இரைச்சலாகவே இருக்கும். இதை அவளுக்கு முதன்முதலில் விளக்கிச் சொன்னது பூங்கோதை அக்கா, லேபின் மூத்த மாணவி, பட்டம் வாங்கிக்கொண்டு போய் நான்கு வருஷமாகிறது. "தாலி கட்டுறப்ப கெட்டிமேளம் எதுக்கு வாசிக்கிறாங்க கனி? யாராவது தும்முவாங்க, அழுவாங்க, அபசகுனமா ஒரு சொல்லு விழும், அதெல்லாம் கேக்கக் கூடாதுன்னுதான். நம்ம மேளம் அதைவிடக் கெட்டி, மாப்பிள்ளை காதுல மட்டும் மேளமே விழாது, மந்திரம் மட்டும் விழும்." அன்றிலிருந்து இரைச்சலுக்குக் கெட்டிமேளம் என்று பேர் வந்தது. அக்கா நல்ல உதாரணம் சொல்லிவிட்டோம் என்று சந்தோஷப்பட்டாள், லிங்கக்கனிக்கு அந்தச் சொல் முள்ளாகக் குத்தியதை அவள் பார்க்கவில்லை, பார்க்கும்படி லிங்கக்கனியும் காட்டவில்லை.

"ரெண்டாவது முடிஞ்சுது. மாப்பிள்ளை நாலு புள்ளி ஒண்ணு, பாக்கியம் சைபர் புள்ளி ரெண்டு. திருப்பு மக்கா." இருதயராஜ் குரல், யார் காதில் எவ்வளவு சேதி விழுகிறது என்கிற எண். கையை நீட்டிக் கழுத்தைப் பிடித்தாள், பிடித்த இடத்தில் ஏதோ வழுக்கியது. மே மாதத்து வெக்கையில், கழுத்தைச் சுற்றியிருந்த கறுப்பு இன்சுலேஷன் டேப் உருகிப் பசையாகிவிட்டிருந்தது, திருப்பின திருப்பில் அது சட்டை உரிகிற மாதிரி உள்ளங்கையோடு வந்துவிட்டது. "திருப்பிட்டியா?" "ம்." "பேசுனதும் பொத்தானை விட்டுரு மக்கா, நீ அமுக்கிட்டிருக்கிற வரைக்கும் இங்க நாங்க எல்லாரும் ஊமை." விட்டாள். மூன்றாவது திசை தொடங்கிவிட்டது, இனி மூன்று நிமிஷம் கையை அசைக்கக் கூடாது, உள்ளங்கையில் பசை, கண்ணை மட்டும் தாழ்த்தலாம், கண் அலையைத் திருப்புவதில்லை. தாழ்த்தினாள். ஆன்டெனாவுக்கும் பெட்டிக்கும் நடுவில், டேப் இருந்த இடத்தில், ஒரு விரல் கணு நீளத்துக்கு மஞ்சளாகப் பித்தளைத் துண்டு ஒன்று. அதில் பொடி எழுத்தில் 20.

அவளுக்கு அது என்னவென்று தெரியும். லேபில் தக்கை என்பார்கள். அட்டெனுவேட்டர் என்பது முழுப்பேர், வருகிற அலையை அப்படியே விடாமல் அமுக்கி விடுகிற அடைப்பு. இருபது என்றால் நூறில் ஒரு பங்குதான் உள்ளே போகும். எட்டுக்கையையும் பாக்கியத்தையும் நேராகக் கம்பி போட்டு இணைத்துச் சோதிக்கும்போது தக்கை போடாவிட்டால் காது கிழிந்துவிடும், ஆகவே போடுவார்கள், சோதனை முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். கழற்றிவிட வேண்டும். சொட்டு. நான்கு. சொட்டு. கழற்ற மறந்திருப்பார்கள். யாருக்கும் மறக்கும், அவளே ஒரு தடவை மறந்திருக்கிறாள், இருதயராஜ் மாப்பிள்ளையின் கழுத்திலேயே ஒரு தக்கையை மறந்துவிட்டு ஒரு வாரம் மாப்பிள்ளை செவிடாகிவிட்டான் என்று ஊரெல்லாம் புலம்பவில்லையா. அதுபோலத்தான். வேலை மும்முரத்தில் மறந்துபோய், தூசி படாமலிருக்கட்டும் என்று மேலே டேப் சுற்றி, அதன்மேல் நான்கு வருஷம் போய்விட்டது. பாவம் யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. இப்படி ஒரு கதையைக் கட்டி அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளப் பார்த்தாள், உட்காரவும் செய்தாள், ஒரு இரண்டு சொட்டு நேரம் அங்கே குளுமையாக இருந்தது. அப்புறம் சிவப்புக் கோடு கண்ணில் பட்டது.

ஸ்பானரால் இறுக்கி முடித்ததும், பெட்டியின் வாயிலிருந்து ஆன்டெனாவின் அடிவரைக்கும் நகப்பூச்சால் ஒரு கோடு இழுப்பது லேபின் வழக்கம். பிறகு யாராவது தளர்த்தினால் கோடு விலகும், காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் குப்பியைப் பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில் வாங்கி வந்தது பூங்கோதை அக்கா, அடர்சிவப்பு, அக்கா ஒரு நாளும் தன் நகத்தில் பூசிக்கொண்டதில்லை, நம்ம பாலிஷெல்லாம் இதுங்களுக்குத்தான் என்று மெஷின்களைக் காட்டுவாள். அந்தச் சிவப்புக் கோடு பெட்டியில் தொடங்கி, தக்கையின் மேலேறி, 20-இன் பக்கத்தில் நேராக ஓடி, ஆன்டெனாவில் முடிந்திருந்தது. ஒரே இழுப்பு. கை நடுங்காத இழுப்பு. மறந்துவிட்டவர்கள் கோடு போட மாட்டார்கள். "பாக்கியத்தோட கழுத்துல இருக்கிற டேப்பை மட்டும் பிரிச்சிடாதே கனி, காலிபரேஷன் போயிடும்" என்று அக்கா போகிற அன்றைக்குச் சொன்னாள், கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், குழந்தையை விட்டுவிட்டுப் போகிறவள் சொல்கிற மாதிரி. லிங்கக்கனி நான்கு வருஷம் பிரிக்கவில்லை. திருப்பும்போதுகூடப் பூவைத் தொடுகிற மாதிரிதான் தொட்டாள். அந்த அக்கா இப்போது எங்கேயோ உதவிப் பேராசிரியராக இருக்கிறாள், வருஷா வருஷம் தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புகிறாள், மாணவர்களுக்கு நேர்மையைப் பற்றி வகுப்பெடுத்தாலும் எடுப்பாள், நன்றாகவே எடுப்பாள், உதாரணம் சொல்வதில் கெட்டிக்காரி.

"மூணாவது. மாப்பிள்ளை நாலு. பாக்கியம் சைபர் புள்ளி ரெண்டு." திருப்பினாள். உள்ளங்கையில் பித்தளை சுட்டது, அல்லது கைதான் சுட்டது. ஏன் செய்தார்கள் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, காரணம் வரிசையாகத் தானே வந்து நின்றது. நிஜமான தாழ்வாரத்தில், நிஜமான பெட்டிகளில், கணக்கு கணக்குப்படி நடக்காது. எட்டுப் பங்கு இரைச்சலும் மாப்பிள்ளையிடம் வரும்போது செத்துப்போகாமல் கொஞ்சம் உயிரோடு வந்து சேரும். மேளம் மாப்பிள்ளைக்கும் கேட்டுவிட்டது. மந்திரம் புரியவில்லை. ஆகவே மேளத்தைக் குறைத்தார்கள், நூற்றில் ஐந்து பங்காகக் குறைத்தார்கள். குறைத்ததும் மாப்பிள்ளைக்கு மந்திரம் தெளிவாகக் கேட்டது, பாக்கியத்துக்கும் கேட்டது. ஆகவே பாக்கியத்தின் காதை அடைத்தார்கள். அவ்வளவுதான் ரகசியம். அடைப்பதற்கு முன்னால் அளந்த பழைய அளவு, இரைச்சலே இல்லாதபோது பாக்கியத்துக்கு எவ்வளவு கேட்கும் என்கிற அளவு, அதை லேபில் தாய்க்கோடு என்பார்கள், எல்லா வரைபடத்திலும் மேலே ஓடும் நீலக் கோடு. ஒருமுறை எடுத்தாயிற்று, திரும்ப எடுக்கத் தேவையில்லை, தாயை எத்தனை தடவை அளப்பது என்று பேராசிரியர் தெய்வசிகாமணி சிரித்துக்கொண்டே சொல்வார். அடைக்காத காதின் அளவுக்குக் கீழே அடைத்த காதின் அளவைப் போட்டு, நடுவிலிருக்கிற இடைவெளியைப் பார், அதுதான் நம் சாதனை என்று எட்டுக் கட்டுரை.

அதில் இரண்டு அவளுடையது. அதைவிட மோசம், அவளுடைய ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம். வெறும் ஐந்து பங்கு இரைச்சல் எப்படி இவ்வளவு வேலை செய்கிறது என்று யாருக்கும் விளங்கவில்லை, நீ கண்டுபிடி கண்ணு என்று அவளிடம்தான் கொடுத்தார், பதினெட்டு மாதம் அதிலேயே கிடந்தாள், ஹாஸ்டல் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போதும் அதுதான், காய்ச்சலில் படுத்திருந்தபோதும் அதுதான், சொற்ப இரைச்சலே போதும் என்பதற்குப் பதினேழு பக்கத்தில் ஒரு நிரூபணம் எழுதினாள், ஒவ்வொரு வரியும் அடுத்த வரியைப் பெற்றெடுக்கிற மாதிரி எழுதினாள். பேராசிரியர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இது கணக்கில்ல கண்ணு, கவிதை" என்றார். எதைப் பற்றின கவிதை, ஒரு பித்தளைத் தக்கையைப் பற்றின கவிதை. அவர் அப்போது கண்ணாடியைக் கழற்றியது ஏன் என்று இப்போது யோசித்தாள். அவருக்குத் தெரியுமா. தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு பெண்ணைப் பதினெட்டு மாதம், இல்லை, தெரியாது. காலையில்கூட, "சாப்புட்டியா கண்ணு, வெறும் வயித்தோட நிக்காத" என்று கேட்டாரே. சாப்பிட்டாயா என்று கேட்கிறவர்கள் எத்தனை பேரை வாழ்க்கையில் பார்த்தாயிற்று, அவளுடைய கூடப்பிறந்த அக்காளின் மாமனார்கூடத்தான் கேட்டார்.

இல்லை, அங்கே போக வேண்டாம். சொட்டு. நான்கு. ஐந்து. சொட்டு. இன்றைக்கு என்ன கிழமை, வெள்ளி, இன்றைக்குத்தான் கடைசி நாள். இரண்டு மணிக்கு ஆய்வுச் சுருக்கத்தில் பேராசிரியர் கையெழுத்துப் போட வேண்டும், ஐந்து மணிக்குள் பல்கலைக்கழக அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், கொடுத்தால் ஆறு மாதத்தில் டாக்டர், கொடுக்காவிட்டால் பதிவு தன்னால் ரத்தாகிவிடும், இரண்டு நீட்டிப்பும் வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது. பன்னிரண்டு மணிக்கு டெல்லியிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள், இந்தத் திட்டத்தை அடுத்த ஐந்து வருஷத்துக்கு நீட்டலாமா என்று பார்க்க, அவர்களுக்குக் காட்டத்தான் இன்றைய அளவீடு, அவர்கள் திருப்தியாகப் போனதும் அவர் திருப்தியாகக் கையெழுத்துப் போடுவார். அம்மா காலையிலேயே போன் பண்ணிவிட்டாள், "இன்னைக்கு முடிஞ்சிருமாட்டி? சாயங்காலம் கோயிலுக்குப் போவட்டா?" போ என்று சொல்லியாயிற்று. நான்காவது முடிந்தது, ஐந்தாவது முடிந்தது, சைபர் புள்ளி ரெண்டு, சைபர் புள்ளி ரெண்டு. பேசாமல் டேப்பை எடுத்துத் திரும்பச் சுற்றிவிட்டால் என்ன. பசைதான் கையில் இருக்கிறதே. பார்க்கவேயில்லை என்று வைத்துக்கொண்டால் என்ன. இத்தனை நாளும் பார்க்கவில்லைதானே.

பார்க்கவில்லையா? இங்கேதான் அவள் மனம் எப்போதும் தடுக்கி விழுகிற கல் இருந்தது, சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் அதிலேயே கால் இடித்தது. இரண்டாம் வருஷம், அக்கா போன பிறகு முதன்முதலாகத் தனியாக அளவெடுத்த நாள், கெட்டிமேளத்தை ஆன் பண்ண மறந்துவிட்டாள். இரைச்சலே இல்லை. பாக்கியத்துக்கு எல்லாம் கேட்டிருக்க வேண்டும். எண் சைபர் புள்ளி ரெண்டு என்றது. அதே சைபர் புள்ளி ரெண்டு. அரை நிமிஷம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், உள்ளுக்குள் ஏதோ ஒன்று வாயைத் திறந்தது, அவளுக்கு அது நன்றாக ஞாபகமிருக்கிறது, திறந்தது. அப்புறம், நான்தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டேன், புதுசுதானே, என்று அந்தப் புள்ளியை அழித்துவிட்டு மேளத்தை ஆன் பண்ணி மறுபடி எடுத்தாள். நோட்டில் எழுதவில்லை. இருதயராஜிடம் சொல்லவில்லை. மேளம் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் ஒன்றே என்றால் மேளமே இல்லை என்றுதானே அர்த்தம், அது பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே, அவளுக்குத் தெரியாதா. தெரிந்தது. தெரிந்ததை அவளே விரலை உயர்த்தி அமுக்கிவிட்டாள். அதன்பிறகு உட்கார்ந்து எழுதியதுதான் பதினேழு பக்கக் கவிதை. பூங்கோதை அக்கா போட்டது ஒரு தக்கை. இவள் போட்டது எத்தனை.

விரலை உயர்த்தியது அன்றைக்கு மாமா. தூத்துக்குடி மண்டபம், அக்கா சொர்ணத்தின் கல்யாணம், லிங்கக்கனிக்குப் பன்னிரண்டு வயசு, பட்டுப்பாவாடை இடுப்பில் நிற்காமல் பிடித்துக்கொண்டே ஓடியவள் பாத்திரம் வைக்கிற அறைக்குள் ஒளிந்து விளையாடப் போனாள், அங்கே மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைகள் இரண்டு பேர் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசினது கேட்டது. "அந்தத் தெரேஸ்புரத்துக்காரிக்குத் தெரிஞ்சா பிள்ளையத் தூக்கிட்டு இங்கயே வந்துருவாளே." "அவள பெங்களூருக்கு அனுப்பி வச்சாச்சு, தாலி ஏறுன பொறவு வந்தா வரட்டும்." பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்கிற இடத்தில்தான் அவளுக்குப் புரிந்தது. ஓடினாள், பந்தி வரிசையைத் தாண்டி, நாற்காலிகளைத் தாண்டி, மணமேடைக்குப் பக்கத்தில் போய் அம்மாவின் சேலையை இழுத்தாள், அம்மா குனியவில்லை, அக்கா தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள், அவர் கையில் தாலி, அப்போதுதான் அவள் கத்தினாள், அக்கா அவருக்கு ஏற்கெனவே, என்று கத்தினாள், அம்மா திரும்பி அவள் வாயைப் பார்த்தாள், நிச்சயமாகப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், மாமா விரலை உயர்த்தி "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார். தவில் அவள் நெஞ்செலும்பில் விழுந்தது. தன் குரல் தனக்கே கேட்கவில்லை. தொண்டை அறுந்துபோகிற மாதிரி கத்தியது மட்டும் தெரிகிறது, காற்று வெளியே போவது தெரிகிறது, சத்தம் இல்லை, மஞ்சள் அரிசி வந்து தலையில் விழுந்தது. ஒன்றரை வருஷத்தில் சொர்ணம் திரும்பி வந்தாள். ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே, இவளைப் பார்க்காமல் சொன்னாள், "அன்னைக்கு நீ என்னத்தையோ கத்துனட்டி. வாய் தெறந்தத பாத்தேன். கேக்கத்தான் இல்ல." அப்புறம் கொஞ்சம் கழித்து, "மேளம் நின்ன பொறவாவது சொல்லியிருக்கலாம்லா." மேளம் நின்ற பிறகு எல்லாரும் சாப்பிடப் போனார்கள். அவளும் போனாள். பாயசம் சாப்பிட்டாள்.

"எட்டாவது. சைபர் புள்ளி ரெண்டு. திருப்பு." திருப்புவதற்கு ஒரு நிமிஷம் இடைவெளி. கழுத்தைப் பிடித்தவள் விடவில்லை. ஒருவேளை, என்று தோன்றிற்று, ஒருவேளை தக்கையைக் கழற்றினாலும் ஒன்றும் ஆகாமலிருக்கலாம், மேளம் நிஜமாகவே வேலை செய்யலாம், பதினேழு பக்கமும் நிஜமாக இருக்கலாம், தக்கை வெறும் பயத்தில் போட்டதாக இருக்கலாம். அது மட்டும் நடந்துவிட்டால் அம்மா கோயிலுக்குப் போகலாம். அந்த ஆசைதான் விரலை அசைத்தது, நேர்மை ஒன்றுமில்லை, அவளுக்கே அது தெரியும். முதலில் அசையவில்லை, ஸ்பானரால் இறுக்கினது, விரல் நுனித் தோல் உரிந்தது, டேப்பின் பசை பிடிமானம் கொடுத்தது, பிறகு பொருக்கென்று சிவப்புக் கோடு வெடித்து இரண்டானது. நான்கு சுற்று. தக்கை உள்ளங்கையில் விழுந்தது. பெட்டியின் வாயில் ஆன்டெனாவை நேராக வைத்துத் திருகினாள், ஒரு கோடு திருப்பினாள், கையைத் தொங்கவிட்டாள், சிலையானாள். "என்ன மக்கா, தூங்கிட்டியா?" "திருப்பியாச்சு." ஒன்பதாவது தொடங்கியது. மூன்று நிமிஷத்தில் நாற்பத்தைந்து சொட்டு விழும். முப்பத்தொன்பது வரை எண்ணினாள்.

வாக்கிடாக்கி கரகரத்தது. பிறகு இருதயராஜ், கேலியில்லாத குரலில், "மாப்பிள்ளை நாலு புள்ளி ஒண்ணு" என்றான். நிறுத்தினான். "சார், பாக்கியம் மூணு புள்ளி ஆறுன்னு காட்டுது. அவளுக்கு எல்லாம் கேக்குது சார்." அவன் பொத்தானை விட மறந்திருந்தான், அறைக்குள் நடப்பதெல்லாம் இவளுக்குக் கேட்டது, நாற்காலி இழுக்கிற சத்தம், தேநீர்க் கோப்பைச் சத்தம், அப்புறம் இரண்டு புதுக் குரல்கள், ஆங்கிலத்திலும் இந்தியிலுமாக. டெல்லிக்காரர்கள். முன்னாலேயே வந்துவிட்டார்கள். ஒருவர் அந்த எண் என்ன என்று கேட்டார். பேராசிரியர் நிதானமாக, அழகான ஆங்கிலத்தில், கருவியைப் பிடித்திருக்கிற மாணவி அசைந்துவிட்டாள், மனித உடம்பு அலையைத் திருப்பும் அல்லவா, இது சகஜம் என்றார். அவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர் தமிழுக்கு வந்தார், குரலில் ஒரு சுருக்கம்கூட இல்லை, "ராஜு, அந்தப் புள்ளிய எடுத்துப்போடு. அதை இப்படிக் கொடு" என்று வாக்கிடாக்கியை வாங்கினார். "கண்ணு, என்ன இது, கொஞ்சம் அசைஞ்சுட்ட போலிருக்குது. பரவால்ல. அந்த இருபதை எடுத்த எடத்துலயே மாட்டிடு. பாலிஷ் குப்பி என் மேஜை டிராயர்லதான் இருக்குது, சாயந்தரமா நானே கோடு போட்டுக்கறேன். ரெண்டு மணிக்குக் கையெழுத்து இருக்குதல்லோ? மனசப் போட்டுக் கொழப்பிக்காம நில்லு சாமி." இருபது என்று அவள் சொல்லவேயில்லை. தக்கை என்றுகூடச் சொல்லவில்லை.

ஆக அவருக்குத் தெரியும், குப்பி அவர் டிராயரில் இருக்கிறது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பதுதான் ஆச்சரியம். வேறொன்றுதான் அவளை வாய்பிளக்க வைத்தது, இரண்டு அந்நியர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, அவர்கள் காது முன்னாலேயே, இத்தனையும் சொல்லிவிட்டாரே, அவர்கள் தேநீர் குடித்துக்கொண்டு தலையாட்டியிருப்பார்களே. சேதி போக வேண்டிய இடத்துக்கு மட்டும் போயிற்று. எட்டு ஆன்டெனா வேண்டாம், இரைச்சல் வேண்டாம். ஆறு வருஷமாகத் தேடினதை மனுஷன் ஒரு தேநீர் நேரத்தில் செய்து காட்டிவிட்டார். இவள் தமிழில் என்ன கத்தினாலும் அவர் அதை ஆங்கிலத்தில் வேறொன்றாகச் சொல்லிவிடுவார். ஆங்கிலத்தில்தான் கத்த வேண்டும். அதை நினைத்ததும் பழைய வியர்வை கழுத்தில் பூத்தது. முதல் வருஷ செமினாரில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு முடிக்கத் தெரியாமல் நின்றாள், பின்வரிசையில் ஒருவன் அதை முடித்து வைத்தான், அறையே சிரித்தது, அவரும் சிரித்தார், அன்பாகத்தான் சிரித்தார், அன்றிலிருந்து அவளுடைய கட்டுரைகளையெல்லாம் மேடையில் அவரே வாசித்தார், உனக்கெதுக்குக் கண்ணு சிரமம். அதுவும் ஒரு தக்கை. கோடு போட்ட தக்கை. எதிரே பில்டர் சொட்டியது. அம்மா கோயிலுக்குப் பூ வாங்கி வைத்திருப்பாள். தக்கை உள்ளங்கையில் பசையோடு ஒட்டிக்கொண்டிருந்தது, கையை விரித்தாலும் விழவில்லை. "கண்ணு, மாட்டிட்டியா?" என்று கேட்டது குரல். மறுபடியும், அன்பாக, "அசையாம நில்லு, என்ன?"

பொத்தானை அமுக்கினாள். என் பெயர் லிங்கக்கனி என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு நின்றுபோயிற்று, அடுத்த சொல் வரவில்லை, பின்வரிசையில் யாரும் முடித்து வைக்கவுமில்லை, பெருவிரலை எடுக்கவில்லை, எடுக்காதவரை அங்கே எல்லாரும் ஊமை. நான் அசையவில்லை, சார், என்றாள். நான் ஆறு வருஷம் அசையவில்லை. ஒட்டுக் கேட்கிற பெட்டி, அதன் கழுத்தில் ஒரு அடைப்பு. இருபது. நான் எடுத்தேன், இப்போது. இப்போது அதற்குக் கேட்கிறது, எல்லாம். மூன்றாம் அத்தியாயம் பொய், நான் எழுதியது. இரண்டாம் வருஷம் நானே பார்த்தேன், நானே அழித்தேன். தயவுசெய்து வெளியே வாருங்கள், என் கையில் இருக்கிறது, பாருங்கள். வினைச்சொற்களெல்லாம் காலம் தவறி, ஒன்றன்மேலொன்று இடித்துக்கொண்டு வந்தன. தாழ்வாரக் கோடியில் பனிக்காகிதக் கண்ணாடிக்குப் பின்னால் நான்கு நிழல் தெரிந்தது. கேட்டதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் பொத்தானை விட வேண்டும், விட்டால் அவர் பேசத் தொடங்குவார், அழகான ஆங்கிலத்தில். ஒரு நிழல் எழுந்து நின்றது, யாருடையது என்று தெரியவில்லை. பெருவிரல் நுனி வெளுத்து வலிக்கத் தொடங்கியது. அவள் எடுக்கவில்லை, என் பெயர் லிங்கக்கனி என்று முதலிலிருந்து மறுபடி தொடங்கினாள்.